அஞ்சுவண்ணம் எனும் கட்டடம்: வியூக விளையாட்டுகளில் பண்பாட்டுக் கணக்கு

எங்கள் குடும்பம் தக்கலையிலிருந்து அம்பத்தூருக்கு வந்த குடும்பம். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட சில ஆண்டுகளில், கடைசல் வேலை அறிந்த வாப்பா அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்தார். ஊரை விட்டு வந்தோமே தவிர ஊர் எங்களை விடவில்லை. பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஆண்டு விழாவில் ஞானப்புகழ்ச்சி பாடப்படும் இரவுக்காகத் தக்கலைக்குப் போய்வருவது இன்றும் தொடர்கிறது. அவ்வூரில் பள்ளிவாசலின் பெயரோடும் ஜமாஅத்தின் பெயரோடும் சேர்ந்தே வழங்கும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல், பொருள் புரிவதற்கு முன்பே எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும்.

2025-ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்: “மாமா, அஞ்சுவண்ணம்னா நம்ம தக்கலை அஞ்சுவண்ணம்தானா? இதுல ஒரு பில்டிங்கா வருது.”

எட்டிப் பார்த்தேன். சிவிலைசேஷன் என்ற வியூக விளையாட்டின் ஏழாம் பதிப்பு அது; அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியானது. ஆடுபவர் ஒரு நாகரிகத்துக்குத் தலைமை ஏற்றுக் குடியிருப்புகளை நிறுவி, கலைகளைக் கற்று, வணிகம் செய்து, போரிட்டுப் பிறரை முந்த வேண்டும். இப்பதிப்பின் இரண்டாம் காலகட்டத்தில் தேர்ந்துகொள்ளத்தக்க நாகரிகங்களுள் சோழமும் ஒன்று. சோழருக்கே உரியவை என்று இரண்டு கட்டடங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று மணிக்கிராமம், மற்றொன்று அஞ்சுவண்ணம். இரண்டையும் ஓரிடத்தில் அருகருகே எழுப்பினால் அவை சேர்ந்து தனிச்சிறப்புள்ள ஒரு வட்டாரமாகிவிடும்.

முதலில் தோன்றியது பெருமிதமே, அதை மறைப்பதற்கில்லை. நம் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடநூல்களே ஒரு வரியில் கடந்துபோகும் ஒரு வணிகக் குழுவின் பெயரை, கடலுக்கு அப்பாலிருந்த யாரோ சிலர் தேடி எடுத்திருக்கிறார்கள். இரவு வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பெருமிதத்துக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. மருமகன் சொன்ன சொல் அது: பில்டிங்.

இவ்விதழின் வாசகர்களில் சிலர், விளையாட்டைப் பற்றி விமர்சனக் கட்டுரையா என்று புருவம் உயர்த்தக்கூடும். நாவலையும் திரைப்படத்தையும் விமர்சிக்கத் தயங்கிய காலமும் நமக்கு இருந்தது. இருபதாண்டுகளுக்கு முன் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்குத் தெரு இருந்த இணைய நிலையங்களில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடிய பிள்ளைகள் இன்று குடும்பத் தலைவர்கள். ஸலாஹுத்தீன் அய்யூபியின் பெயரைப் பாடநூலிலோ பயானிலோ கேட்பதற்கு முன் அந்த ஆட்டத்தில் அறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதே ஆட்டத்தில் ஒரு துறவி கையை உயர்த்தி ஓதினால் எதிரிப் படைவீரன் நிறம் மாறி இந்தப் பக்கம் வந்துவிடுவான். மதமாற்றம் என்பதை அப்படி ஒரு நொடியில் நிகழும் நிறமாற்றமாகப் பார்த்துப் பழகிய கண்கள், பின்னாளில் செய்தித்தாளில் அச்சொல்லைக் காணும்போது எதை நினைவுகூரும் என்பது சிரித்துக் கடக்கத்தக்க கேள்வியன்று.

‘பண்பாடு’ என்ற சொல்லே தமிழில் அண்மைக்காலத்தது. ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அதை வழங்கியவர் டி.கே.சி. என்பது வையாபுரிப்பிள்ளையின் குறிப்பு. நிலத்தைப் பண்படுத்துவது போல் மனத்தைப் பண்படுத்துவது அதன் உட்பொருள். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் உழவைச் சுட்டுவதே. அரபியில் இன்று இப்பொருளில் வழங்கும் ‘தகாஃபா’வின் வேர், வளைந்த ஈட்டித்தண்டை நிமிர்த்திச் சீராக்குவதைக் குறிக்கும். உழவும் சரி, நிமிர்த்தலும் சரி, ஒரு பொருளின் மீது பொறுமையாகச் செய்யப்படும் வேலை. இம்மூன்று மொழிகளிலும் அது அளந்து குவிக்கும் பண்டமாக இல்லை. பண்டமாக்கியது விளையாட்டு.

சிட் மெயரின் முதல் சிவிலைசேஷன் 1991-இல் வந்தபோது அதில் பண்பாடு என்ற கணக்கே கிடையாது. எல்லாரையும் வெல்லலாம், அல்லது விண்கலம் ஏவி வெல்லலாம், அவ்வளவே. 2001-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் பண்பாட்டை எண்ணாக்கியது. கோயிலும் நூலகமும் ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை புள்ளிகள் ஈட்டும். கட்டி ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டால் அதன் ஈட்டம் இரட்டிப்பாகும். புள்ளிகள் பெருகப் பெருக நகரத்தின் எல்லை விரியும். அண்டை நாட்டின் எல்லைப்புற நகரம் ஒன்று நம் பண்பாட்டின் ஒளியில் மயங்கி, வாளெடுக்காமலே நம்மிடம் சேர்ந்துவிடவும் கூடும். மொத்தம் 1,00,000 புள்ளிகள், அல்லது ஒரே நகரத்தில் 20,000 புள்ளிகள் சேர்த்தால் பண்பாட்டு வெற்றிக்கு வழி பிறக்கும். போருக்கு மாற்றாக வேறொரு பாதை வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் போரின் இலக்கணமே இங்கும் ஆள்கிறது. எல்லை நகர்கிறது, ஒருவர் பெற்றது மற்றவர் இழந்தது. வாளின் இடத்தில் கோயில் நிற்கிறது என்பதே வேறுபாடு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பதிப்பில் ஒரு நகரத்தைப் படையெடுத்துப் பிடித்தால், அதில் பண்பாடு ஈட்டிக்கொண்டிருந்த கட்டடங்கள் அனைத்தும் அக்கணமே அழிந்துபோகும்.

இந்தக் கணக்கைப் பூந்தமல்லியில் வைத்துப் பார்க்கலாம். 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்குச் சென்னப்பட்டின நிலம் கிடைத்த காலத்தில், விசயநகரத்துக்குட்பட்ட தாமர்ல அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். பத்தாண்டுகள் கழிவதற்குள் மீர் ஜும்லாவின் படைகளோடு கோல்கொண்டா ஆட்சி வந்து, பூந்தமல்லி அதன் வட்டார ஆட்சித் தலைமையிடம் ஆனது. 1687-இல் கோல்கொண்டா வீழ்ந்தபின் முகலாயர், பிறகு ஆர்க்காட்டு நவாபு, 1763-இல் ஜாகீராகக் கம்பெனி. விளையாட்டின் விதிப்படி இந்த ஊர் நான்கு முறை நிறம் மாறியிருக்க வேண்டும். முதல் மாற்றத்திலேயே வரதராசப் பெருமாள் கோயில் மறைந்திருக்க வேண்டும். கோயில் நிற்கிறது. திருக்கச்சி நம்பியின் ஊர் என்று வைணவர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். கோல்கொண்டா காலத்துப் பள்ளிவாசலும் இருக்கிறது. பாரசீகத்தில் கணக்கெழுதிய ஆட்சிகள் வந்து போயின. பூந்தமல்லிச் சந்தையில் பூ விற்றவள் தமிழிலும் தெலுங்கிலும்தான் விலை சொல்லியிருப்பாள். ஆட்சி வேறு, வாழ்வு வேறு என்று அறிந்த ஊர்களில் பண்பாடு எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. நான் எவ்வளவு நேரம் வரைபடத்தைப் பார்த்தாலும், அந்த விளையாட்டின் விதிகளை வைத்துக்கொண்டு பூந்தமல்லியை உருவாக்க முடியவில்லை.

2005-இல் வந்த நான்காம் பதிப்பு ஒரு வகையில் நேர்மையானது. அதில் ஒவ்வொரு நகரத்திலும் எந்தெந்த மக்களின் பண்பாடு எத்தனை விழுக்காடு என்று காட்டப்படும். நகரம் கைமாறினாலும் பழைய விழுக்காடு உடனே மறையாது; புதிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யவும் கூடும். மண்ணுக்கு நினைவுண்டு என்று ஒப்புக்கொண்ட பதிப்பு அது.

ஆனால் மதத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்ததும் அந்தப் பதிப்பே. யூதம், கிறித்தவம், இஸ்லாம், இந்து சமயம், பௌத்தம், கன்பூசியம், தாவோயிசம் என ஏழு. எவர் மனத்தையும் புண்படுத்தலாகாது என்ற அச்சத்தில், ஏழுக்கும் ஒரே பலன், ஒரே விதி. பெயரும் சின்னமும் கோயிலின் தோற்றமும் மட்டுமே வேறு. உரிய அறிவை யார் முதலில் அடைகிறாரோ அவரே அந்த மதத்தை நிறுவியவர். அஸ்டெக் அரசன் இஸ்லாத்தை நிறுவலாம். எந்த அறிவை அடைந்தால் இஸ்லாம் பிறக்கும் என்று வைத்தார்கள் தெரியுமா? ‘மன்னரின் தெய்வீக உரிமை’ என்னும் கோட்பாட்டை. அரசன் இறைவனுக்கன்றி எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஐரோப்பிய முடியாட்சிகள் தமக்காக வளர்த்துக்கொண்ட வாதம் அது. தாம் நேர்வழியில் நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்று முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்கள் முன் நின்று கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறும் மார்க்கத்தை, அந்த வாதத்தின் கிளையாக ஒட்டவைத்திருக்கிறார்கள். காலவரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதில் பொருத்தினார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. பகைமை இருந்ததாக நான் கருதவில்லை. பகைமையைவிடக் களைப்பூட்டுவது இந்த அக்கறையின்மை. அதே பதிப்பில் மஸ்ஜிதுல் ஹராம் ஒரு கட்டடம். இஸ்லாம் பரவிய ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தங்கம் வீதம் சுற்றுக்குச் சுற்று அதை எழுப்பியவரின் கருவூலத்துக்கு அது வரவு வைக்கும். ஏழு மதங்களின் தலங்களுக்கும் அதே வரவு என்பதால் எவரும் புண்படவில்லை போலும்! எல்லா மதங்களையும் ஒரே விலைச்சீட்டால் சமப்படுத்துவது மரியாதை ஆகாது.

2013-இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த விரிவாக்கம் பண்பாட்டைச் சுற்றுலாவாக்கியது. எழுத்தாளரும் ஓவியரும் இசைவாணரும் பெரும்படைப்புகளைத் தருவார்கள். அவற்றை அருங்காட்சியக அறைகளில் அடுக்கினால் வெளிநாட்டார் மயங்குவார்கள். நம் சுற்றுலா ஈர்ப்பு எதிராளியின் மொத்தப் பண்பாட்டை விஞ்சும்போது அவர் தோற்றவராகிறார். இந்த ஏற்பாட்டில் சீறாப்புராணத்தை எந்த நாட்டின் அறையில் வைப்பது? அண்ணல் நபியின் வரலாறு அரபுலகத்தது. விருத்தமும் காப்பிய மரபும் தமிழ்நாட்டவை. உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடும்போது மருதத்தின் வயலும் நீர்வளமும் அங்கே புகுந்துவிடுகின்றன. ஈர்த்தது யார், ஈர்க்கப்பட்டது யார்? அரபு மண்ணைத் தமிழ் வென்றதா, தமிழை இஸ்லாம் வென்றதா? இரண்டு கேள்விகளும் அபத்தம் என்பது சீறாவைப் படித்த எவருக்கும் தெரியும். விளையாட்டோ இவ்விரண்டில் ஒன்றுக்கு விடை கேட்டுக்கொண்டே இருக்கும்; அந்நூலை ஓர் அறையில் வைத்தாக வேண்டும்.

சிவிலைசேஷன் மட்டுமே உலகன்று. சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் வெளியிடும் குரூசேடர் கிங்ஸ் வரிசை, இடைக்கால அரச குலங்களின் கதை. 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பில் முஸ்லிம் ஆட்சியாளராக ஆட வழிசெய்தபோது, அவர்களுக்கென ‘சீர்கேடு’ என்றோர் அளவுகோலை வைத்தார்கள். நிலமில்லாமல் சும்மா இருக்கும் உறவினர் மிகுந்தால் சீர்கேடு ஏறும். அது உச்சத்தைத் தொட்டால் பாலைநிலத்துக் கூட்டம் திரண்டு வந்து அரசைக் கவிழ்க்கும். இதன் மூலம் எது என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். 1377-இல் இப்னு கல்தூன் எழுதிய முகத்திமாவின் அஸபிய்யாக் கோட்பாடு அது: குலப்பிணைப்பால் எழுந்த அரசு நகர வாழ்வின் சொகுசில் பிணைப்பை இழந்து சில தலைமுறைகளில் சரியும். ஒரு விளையாட்டு முகத்திமாவைத் தொட்டதே என்று மகிழலாம். ஆனால் இப்னு கல்தூன் அதை மனித சமுதாயம் முழுமைக்குமான விதியாக, உம்ரானின் இயல்பாக ஆராய்ந்தார். பாரசீகரும் கிரேக்கரும் ரோமரும் அவருடைய எடுத்துக்காட்டுகளில் வருகிறார்கள். விளையாட்டில் அது முஸ்லிம்களுக்கு மட்டுமே வரும் நோயாயிற்று. பிரெஞ்சு மன்னரின் தம்பிமார் எத்தனை பேர் சும்மா இருந்தாலும் அந்த முள் ஏறாது.

அதே வரிசையின் மூன்றாம் பதிப்பு, 2022-இல் வந்த விரிவாக்கத்துக்குப் பின், நான் கண்ட ஏற்பாடுகளில் மேலானது. அதில் பண்பாடு ஒற்றை எண்ணாக இல்லை. மொழி, மரபுரிமை, வழக்காறுகள் எனப் பல கூறுகளின் தொகுதி. ஓர் ஆட்சியின்கீழ் இரு மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தால் ஒருவரையொருவர் ஏற்கும் அளவு உயரும். போதிய அளவு உயர்ந்தபின் இரண்டும் கலந்து புதிய பண்பாடொன்று பிறக்கலாம். அரபுத்தமிழை எழுதிய ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு இது தன் வீட்டுக் கதையாகவே தோன்றும். ஒரே குறை: கலப்பை அறிவிப்பவர் அரசர். அவர் ஒரு பொத்தானை அழுத்தி, விலையைச் செலுத்தி, எந்தக் கூறுகளை எடுப்பது என்று தேர்ந்தால்தான் புதிய பண்பாடு உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுத எந்த அரசர் ஆணையிட்டார்? மதரஸா ஆசிரியரும் கப்பல் கணக்கெழுதியவரும் வீட்டுப் பெண்டிரும் செய்த வேலை அது.

மீண்டும் ஏழாம் பதிப்பு. அதன் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்தைய பதிப்புகளில் இந்தியா என்றால் பெரும்பாலும் காந்தியடிகளின் தலைமையில் ஆறாயிரம் ஆண்டுகள் மாறாத ஒரே நாடு. இதில் மௌரியம், சோழம், முகலாயம் என்று காலத்துக்குக் காலம் நாகரிகம் மாறுகிறது. முன்னதன் மரபுகள் சில பின்னதிலும் தொடர்கின்றன. சோழர் எழுப்பிய தனிக் கட்டடங்கள் முகலாயத்திலும் நிலைக்கின்றன. வரலாறு அடுக்கடுக்கானது என்பதை ஏற்ற வடிவமைப்பு இது. இப்னு பதூதா ஒரு தலைவராக வருகிறார். அப்பாஸியருக்கு மதரஸாவும் மஸ்ஜிதும் சேர்ந்த ‘உலமா’ வட்டாரம் உண்டு. ஆயினும் வெளியான காலத்து விதிப்படி, இறுதிக் காலகட்டத்தில் பண்பாட்டு வெற்றி எப்படி வருகிறது? உலகெங்கும் ஆய்வாளர்களை அனுப்பி, பிறர் மண்ணையும் தோண்டித் தொல்பொருள்களை எடுத்துவந்து காட்சியில் வைத்து, கடைசியில் உலகப் பொருட்காட்சி நடத்தினால்! பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பழக்கம் எல்லா நாகரிகங்களும் சென்று சேரும் சிகரமாக இங்கே மாறிவிடுகிறது. இலண்டன் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்து நின்றவர்களுக்கு, அந்த வெற்றி மறுபக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி அஞ்சுவண்ணம். அப்பெயரின் மிகப் பழைய சான்று சோழநாட்டில் இல்லை; கொல்லத்தில் இருக்கிறது. 849-இல் சேரப் பெருமாள் தாணு இரவியின் காலத்தில், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவப் பள்ளிக்கு வழங்கிய செப்பேடு அது. தஞ்சையில் விசயாலயன் தலையெடுத்த காலத்தை ஒட்டியது. அதாவது பேரரசுச் சோழருக்கு முன்பே அஞ்சுவண்ணம் நிலைபெற்றிருந்தது. அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் தரப்பட்டது. சான்றொப்பமிட்ட மேற்காசிய வணிகர்களின் கையெழுத்துகள் அச்செப்பேட்டில் இன்றும் உள்ளன: கூஃபி எழுத்தில் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்தில் பாரசீகம். ஒரு தேவாலயத்தின் கொடைக்கு முஸ்லிமும் யூதரும் ஜொராஸ்டிரியரும் சாட்சி. கொடுத்தவர் இவர்களில் எந்த மதத்தையும் சேராத ஆட்சியாளர். அஞ்சுவண்ணத்தை யூதர் குழு என்றே ஒரு காலத்தில் எழுதினார்கள். மேற்காசிய வணிகர் பலரும் சேர்ந்த கடல்வணிக அமைப்பு அது என்பதை ஒய். சுப்பராயலு போன்ற கல்வெட்டறிஞர்கள் பின்னர் தெளிவாக்கினர். தொண்டிக்கு அருகே தீத்தாண்டதானபுரத்தில், பாண்டிய நாட்டுப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அப்பெயர் வருகிறது. தமிழில் இன்று கிடைக்கும் முதல் முஸ்லிம் இலக்கியமாகக் கருதப்படும் பல்சந்தமாலையில், களவியற்காரிகை உரையால் தப்பிப் பிழைத்த சில செய்யுள்களுக்குள்ளேயே, அஞ்சுவண்ணத்தவர் வந்துவிடுகிறார்கள். தோப்பில் முஹம்மது மீரான் ஒரு நாவலுக்கே ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்று பெயர் வைத்தார்.

சேரரிடத்தும் பாண்டியரிடத்தும் இருந்த அஞ்சுவண்ணம் எவருடைய உடைமையுமன்று. ஓர் அரசின் எல்லையில் தொடங்கி இன்னோர் அரசின் எல்லையில் முடிந்த வாழ்க்கை அவர்களுடையது. அடுத்தவர் துறையில் நம்பிக்கையோடு தங்க முடிந்ததே அவர்களின் பண்பாடு. அப்படிப்பட்ட ஒன்றை இந்த விளையாட்டின் இலக்கணத்தால் எழுத முடியவில்லை. அதில் எல்லை உள்ளவருக்கே பண்பாடு உண்டு, பண்பாடு உள்ளது எல்லாம் யாரோ ஒருவரின் நிறம் பூசிக்கொண்டாக வேண்டும். ஆகவே நடமாடிய மனிதர்களை நிற்கும் கட்டடமாக்கிச் சோழரின் கணக்கில் வரவு வைத்தார்கள். தவறான தகவல் என்று இதைத் தள்ள முடியாது. சோழர் காலத்திலும் அவர்கள் இருந்தார்கள். பெயரைச் சரியாகத் தேடி எடுத்தவர்களிடமே அப்பெயரின் பொருள் தங்க இடம் இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் மருமகனிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. செப்பேட்டின் கதையை மட்டும் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு ஆட்டத்துக்குத் திரும்பி, தன் அண்டை நாடாக இருந்த அப்பாஸியரின் கடற்கரை நகரம் ஒன்றைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தான்.

“அவங்க ஊர்ல கட்ட விடமாட்டேங்குது, மாமா” என்றான். “புடிச்சாதான் கட்டலாமாம்.”

மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. ஆட்டத்தைச் சேமித்து மூடிவிட்டு எழுந்து வந்தான்.